கேரியக்கூவில் குடியேறப் போகிறீர்களா? தொகுதிக் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்

கரீபியன் தீவு நாடான கிரெனடாவுக்கு வரும் நம்மவர்கள் பெரும்பாலும் மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கும் ட்ரூ புளூ பக்கமே தங்கிவிடுகிறார்கள். வேலை உங்களை அந்நாட்டின் சிறு தீவான கேரியக்கூவுக்கு அனுப்பினால், செயின்ட் ஜார்ஜ்ஸ் துறையில் ஃபெர்ரி ஏறிச் சுமார் இரண்டு மணி நேரத்தில் ஹில்ஸ்பரோவில் இறங்கலாம். வீடு, வாடகையெல்லாம் அங்கே போய் விசாரித்துக்கொள்ளலாம். ஆனால் அக்கம்பக்கத்தாரோடு மனம்விட்டுப் பேச, அந்த ஊர் அரசியல் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

கேரியக்கூவும் பக்கத்துக் குட்டித்தீவு பெட்டிட் மார்ட்டினீக்கும் சேர்ந்து ஒரே தொகுதி. கிரெனடா நாடாளுமன்றக் கீழவையின் 15 இடங்களில் ஒன்று. பெரிய தீவான கிரெனடாவில் எரிக் கேரி தோட்டத் தொழிலாளர்களைத் திரட்டித் தலைவரானார். கேரியக்கூவில் அப்படிப்பட்ட பெருந்தோட்டக் கூலிகள் அதிகமில்லை. சொந்தத் துண்டு நிலம், கையால் கட்டிய படகு, வெளிநாட்டிலிருந்து வரும் பணம், இதுதான் அங்கே பிழைப்பு. அதனால் கேரியின் அலை அங்கே எடுபடவில்லை. அரூபா எண்ணெய் ஆலையில் வேலை பார்த்துத் திரும்பிய உள்ளூர்க்காரர் ஹெர்பர்ட் பிளேஸ் 1954இல் தோற்றார், 1957இல் ஜெயித்தார். அப்புறம் அந்த இடத்தை அவரிடமிருந்து யாராலும் பறிக்க முடியவில்லை. 1979இல் மோரிஸ் பிஷப்பின் புரட்சி வந்து நாடாளுமன்றமே இல்லாமல் போன காலம் மட்டும் இடைவெளி. 1984 தேர்தலில் திரும்ப வென்று பிரதமரானார். 1989 டிசம்பரில் பதவியிலேயே காலமானார். வயதானவர்களிடம் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைப்பார்கள்.

2003 கதையையும் கட்டாயம் கேளுங்கள். பிரதமர் கீத் மிட்செலின் கட்சிக்காரர் எல்வின் நிம்ரோட் இந்தத் தொகுதியில் வெறும் 6 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். நாடு முழுக்க இடக்கணக்கு 8க்கு 7. அந்த ஆறு வாக்குதான் மிட்செலின் ஆட்சியைக் காப்பாற்றியது. 2008இல் தொகுதி எதிர்த்தரப்புக்குக் கைமாறியது, 2013இல் மிட்செல் கட்சிக்கே திரும்பியது. 2022இல் எதிர்த்தரப்பின் டெவின் ஆண்ட்ரூஸ் வென்றார்.

தேர்தல் நெருங்கினால் சட்டை நிறத்தைக் கவனியுங்கள். பச்சை என்றால் வீட்டுச் சின்னக் கட்சி, மஞ்சள் என்றால் இதயச் சின்னக் கட்சி. நான் தெரியாமல் மஞ்சள் சட்டையோடு ரொட்டி வாங்கப் போனேன். கடைக்கார அம்மா இரண்டு கையையும் சேர்த்து இதயம் போலக் காட்டிச் சிரித்தார். பின்னால் நின்றவர் முகம் மட்டும் இறுகிப்போனது.

கேரியக்கூ மக்களுக்கு ஆறாத குறை ஒன்றும் உண்டு. தங்கள் இரு தீவுகளுக்கும் தனி உள்ளாட்சி மன்றம் வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. 1974இல் சுதந்திரம் வந்து 50 ஆண்டு நிறைந்தபோதும் அது அமையவில்லை. அதே 2024இல், ஜூலை 1 அன்று பெரில் புயல் அங்கேதான் கரையேறி, ஏறக்குறைய எல்லா வீடுகளையும் சேதப்படுத்தியது. நிவாரணம் பற்றிப் பேச்சு வந்தால் இந்த மன்றத்தில்தான் போய் முடியும். நடுவே கருத்துச் சொல்லாமல் பொறுமையாகக் கேளுங்கள். அவர்கள் கோபம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன்.

இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் கணக்கில் வருவதால், 18 வயதாகி ஓராண்டு அங்கே குடியிருந்தால் வாக்காளராகப் பதிய வழி உண்டு. கடவுச்சீட்டையும் குடியிருப்புச் சான்றையும் எடுத்துக்கொண்டு தேர்தல் அலுவலகத்தில் விசாரியுங்கள். உள்ளே நுழைந்ததும் எல்லோருக்கும் காலை வணக்கம் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.