வீட்டுச் சர்வரில் கோப்பு அனுமதிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் பழைய மேசைக்கணினியில் லினக்ஸ் வகைகளான உபுண்டுவையோ டெபியனையோ நிறுவி, குடும்பப் புகைப்படங்களையும் திரைப்படங்களையும் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள விரும்புவோர் சிலருக்கு நான் சர்வர் அமைத்துக் கொடுப்பதுண்டு. வடகிழக்குப் பருவமழையில் மரம் சாய்ந்தால் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போய்விடும் ஊரில் இது நியாயமான ஏற்பாடுதான். ஆனால் பின்னணியில் ஓடும் சேவைகளுக்குக் கோப்பு அனுமதி கொடுக்கும் இடத்தில், தொடக்கத்தில் நான் தடுமாறிய அதே இடங்களில்தான் அவர்களும் தடுமாறுகிறார்கள். பாதையைத் தவறாகத் தட்டச்சு செய்வது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றைக் கணினியே சொல்லிவிடும்.

மறுப்பு வந்தவுடன் 777

இன்றளவும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். ‘பெர்மிஷன் டினைட்’ என்ற வரியைக் கண்டதும், எந்தக் கோப்புறை மறுத்தது என்று பார்க்காமலே ‘சிஎச்மோட் -ஆர் 777’ (பெரிய ஆர்) என்று அடித்துவிடுகிறார்கள். அந்தக் கோப்புறையையும் அதற்குள் இருக்கும் அனைத்தையும் எவரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்று ஆக்கிவிடும் கட்டளை அது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் ஹோம் கோப்புறைக்குள் திரைப்படங்களைச் சேர்த்து வைத்து, அவற்றைக் காட்டுவதற்கு ஜெல்லிஃபினை நிறுவியிருந்தார். அந்தச் சேவை ‘ஜெல்லிஃபின்’ என்ற தனிப் பயனராக ஓடுவது. உபுண்டு 21.04 முதல் புதிய பயனர்களின் ஹோம் கோப்புறை 750 என்ற அனுமதியுடன் உருவாகிறது என்பதால், பிற பயனர்கள் அதற்குள் காலெடுத்து வைக்கவே முடியாது. அவர் திரைப்படக் கோப்புறைக்கு 777 கொடுத்தார்; பயனில்லை. பிறகு ஹோம் கோப்புறை முழுவதற்கும் கொடுத்தார். படங்கள் திரையில் வரிசையாக வந்து நின்றன. வேலை முடிந்தது என்று மகள் வீட்டுக்குக் கோயம்புத்தூர் போய்விட்டார்.

அங்கிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் சேவை) வழியாக நுழைய முயன்றபோது, கடவுச்சொல்லுக்குப் பதிலாக வைத்திருந்த சாவிக் கோப்பு செல்லவில்லை. கடவுச்சொல்லால் நுழையும் வழியை முன்பே அடைத்து வைத்திருந்தார். “நான் ஒன்றுமே மாற்றவில்லை, தம்பி, படம்கூட நன்றாகத்தான் ஓடுகிறது” என்று தொலைபேசியில் சாதித்தார். ஹோம் கோப்புறையிலோ அதற்குள் சாவிகள் இருக்கும் ‘.எஸ்எஸ்எச்’ கோப்புறையிலோ பிறர் எழுதலாம் என்ற நிலை இருந்தால், எஸ்எஸ்எச் சேவை அந்தச் சாவியை நம்ப மறுத்துவிடும். காரணம் சர்வரின் பதிவேட்டில் மட்டுமே இருக்கும். வெளியில் நிற்பவருக்கு வெறும் மறுப்புதான் தெரியும். மலையேறி வந்தவர், தவறைத் திருத்துவதாக நினைத்து அதே கோப்புறைக்கு ‘-ஆர் 644’ கொடுத்தார். அதனால் உள்ளே இருந்த கோப்புறைகள் எல்லாம் நுழைவு அனுமதியை இழந்தன. தம் வீட்டுக்குள் தாமே போக முடியாதவர் ஆனார்.

கோப்புறையின் அனுமதியில் வரும் ‘எக்ஸ்’ என்பது இயக்கும் அனுமதி அன்று, கடந்து செல்லும் அனுமதி. மேல்தட்டில் இருக்கும் வீட்டுக்குப் போக வழியில் உள்ள ஒவ்வொரு கேட்டும் திறந்திருக்க வேண்டும். வீட்டுக் கதவை மட்டும் அகலத் திறந்து வைப்பதில் பயனில்லை. எந்தக் கேட் பூட்டியிருக்கிறது என்பதை ‘நேம்ஐ -எல்’ கட்டளை காட்டிவிடும்: முழுப் பாதையைக் கொடுத்தால், உச்சியில் உள்ள ரூட் கோப்புறை தொடங்கிக் கடைசிக் கோப்பு வரை ஒவ்வொரு படியின் உரிமையாளரையும் அனுமதியையும் வரிசையாக எழுதித் தரும். அதன்பின் ‘சூடோ -யு ஜெல்லிஃபின் எல்எஸ்’ என்று அந்தச் சேவையின் பெயராலேயே கோப்புறையைத் திறந்து பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

ஆசிரியருக்குத் தேவைப்பட்டது திரைப்படங்களை ஹோமிலிருந்து ‘எஸ்ஆர்வி’ கோப்புறைக்கு மாற்றுவது மட்டுமே. 777 கொடுத்ததால் நேர்ந்தது எஸ்எஸ்எச் தொல்லையோடு முடிவதும் இல்லை. சர்வரில் ஓடும் எந்தச் சேவையில் ஓட்டை விழுந்தாலும், உள்ளே வந்தவர் உங்கள் ‘.பாஷ்ஆர்சி’ கோப்பில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டுக் காத்திருக்கலாம். அடுத்த முறை நீங்கள் டெர்மினலைத் திறக்கும்போது அந்த வரி உங்கள் அதிகாரத்தோடு ஓடும். மாற்றிய அனுமதிகளைத் திருப்பித் தரும் கட்டளையும் கிடையாது, ஏனெனில் பழைய நிலையை எவரும் எழுதி வைப்பதில்லை. ‘-ஆர்’ போட்டே ஆக வேண்டுமென்றால், முதலில் ‘கெட்எஃப்ஏசிஎல் -ஆர்’ கட்டளையின் விடையை ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள். ‘செட்எஃப்ஏசிஎல்’ அதைக்கொண்டு பழைய நிலையை மீட்டுத் தரும். எண்களுக்குப் பதிலாகப் பெரிய ‘எக்ஸ்’ எழுத்தைப் பயன்படுத்தினால், கடக்கும் அனுமதி கோப்புறைகளுக்கும் ஏற்கெனவே இயங்கக்கூடிய கோப்புகளுக்கும் மட்டுமே போய்ச் சேரும்.

சேவையை ரூட்டாகவே (முழு அதிகாரம் கொண்ட நிர்வாகிப் பயனராகவே) ஓடவிடுவது

வேண்டாம்.

இரண்டு சேவைகள், ஒரே கோப்புறை

ஒரு சேவை பதிவிறக்கி வைப்பதை இன்னொன்று பெயர் மாற்ற வேண்டியிருந்தால், உரிமையாளரை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பதில் பொருளில்லை. இரண்டையும் ஒரே குழுவில் சேர்த்து, கோப்புறையையும் அக்குழுவுக்கே உரியதாக்கி, 2775 கொடுங்கள். முன்னால் நிற்கும் 2, உள்ளே புதிதாகப் பிறக்கும் கோப்புகளுக்கும் அதே குழுவைத் தரும். பலர் இதோடு நிறுத்திவிட்டு, புதிய கோப்புகள் 644 ஆகவே வருகின்றன என்று குறைப்படுகிறார்கள். சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் இயல்பான யூமாஸ்க் (புதிய கோப்புகளுக்குக் கொடுக்காமல் விடும் அனுமதிகள்) 0022; சேவையின் அமைப்பில் அதை 0002 என்று மாற்றினால்தான் குழுவுக்கு எழுதும் அனுமதி கிடைக்கும். குழுவில் சேர்த்த பிறகு சேவையை மறுதொடக்கம் செய்யவும் வேண்டும்.

‘-ஏ’ இல்லாத ‘யூசர்மோட் -ஜி’

குழுவில் சேர்க்கும் இந்தக் கட்டளையில் (பெரிய ஜி) ‘-ஏ’ விட்டுப்போனால், புதிய குழுவில் சேர்ப்பீர்கள். நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ உட்பட மற்ற எல்லாத் துணைக் குழுக்களிலிருந்தும் உங்களை நீங்களே நீக்கிக்கொள்வீர்கள்.

எக்ஸ்ஃபேட் வட்டில் சிஎச்மோட்

எக்ஸ்ஃபேட் என்ற வடிவத்தில் அமைந்த வட்டுக்கு லினக்ஸ் உரிமையாளர் என்பவரே கிடையாது. எந்த வட்டு எந்தக் கோப்புறையில் ஏற வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் யுஐடி (பயனர் எண்), ஜிஐடி (குழு எண்), யூமாஸ்க் மதிப்புகளை எழுதி மவுன்ட் செய்யுங்கள், அதாவது வட்டை அந்தக் கோப்புறையில் ஏற்றுங்கள். அல்லது வட்டை லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவத்துக்கு மாற்றுங்கள்.

கன்டெய்னருக்குள் பெயரை நம்புவது

கன்டெய்னர் என்பது சேவையைத் தனிப் பெட்டிபோல் அடைத்து ஓட்டும் முறை; டாக்கர் அதற்கான மென்பொருள். ஆனால் லினக்ஸின் மையமான கெர்னல் பார்ப்பது பயனரின் பெயரை அன்று, எண்ணைத்தான். உள்ளே 1000 என்ற எண்ணோடு ஓடும் சேவை எழுதும் கோப்பு, வழக்கமான டாக்கர் அமைப்பில், வெளியே யாருக்கு 1000 என்ற எண் இருக்கிறதோ அவருடையதாகவே தோன்றும். டெபியனில் அவர் பெரும்பாலும் நிறுவலின்போது முதலில் உருவாக்கப்பட்ட பயனர்.

வட்டு ஏறுமுன் எழுதத் தொடங்கும் சேவை

மின்சாரம் அடிக்கடி போய் வரும் எங்கள் ஊரில் இது தனிக் கவனத்துக்கு உரியது. கணினி எழுந்துவிடும், யூஎஸ்பி வட்டு எழத் தாமதிக்கும். எஃப்எஸ்டேப்பில் ‘நோஃபெயில்’ எழுதியிருந்தால் கணினி அதற்காகக் காத்திராமல் மேலே போய்விடும். மவுன்ட் ஆகாத அந்த வெற்றுக் கோப்புறையில் சேவைக்கு எழுதும் அனுமதி இருந்தால், அன்றைய புகைப்படங்கள் அனைத்தும் கணினி ஓடும் ரூட் வட்டில் போய் விழும். பின்னர் வட்டு ஏறியதும் அவை அதன் அடியில் மறைந்துவிடும். அழிந்துவிட்டன என்று வீட்டில் சண்டை வரும்.

ஆகையால், வட்டு கழன்றிருக்கும்போது அந்த வெற்றுக் கோப்புறையை ரூட்டுக்கு உரியதாக்கி 755 கொடுத்துவிடுங்கள். வட்டு ஏறிய பிறகு செல்லுபடியாவது வட்டின் சொந்த அனுமதி என்பதால், சேவைக்கு இதனால் இடைஞ்சல் இல்லை. சேவையின் அமைப்பில் ‘ரிக்வயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபார்’ என்ற வரியையும் சேர்த்தால், வட்டு ஏறாதவரை சேவை தொடங்காது. ஏற்கெனவே படங்கள் காணாமல் போயிருந்தால், சேவையை நிறுத்தி, வட்டை அன்மவுன்ட் செய்துவிட்டு அதே கோப்புறையைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.