அவசரக் கருத்தடை: புது நாட்டில் உங்கள் கையில் இருக்கும் 5 நாட்கள்

ஆணுறை கிழிந்திருக்கலாம். தினசரி கருத்தடை மாத்திரை இரண்டு மூன்று நாள் விட்டுப்போயிருக்கலாம். கருத்தடை ஊசி போட வேண்டிய தேதி தாண்டியிருக்கலாம். எதுவானாலும் முதலில் உறவு நடந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவு 11 மணி என்றால் 72 மணி நேரம் முடிவது செவ்வாய் இரவு 11. 120 மணி நேரம் முடிவது வியாழன் இரவு 11. மருந்தகத்திலும் கிளினிக்கிலும் இந்த இரண்டு எண்களை வைத்துத்தான் பேச்சு நடக்கும். 'மறுநாள் காலை மாத்திரை' என்று ஊரெல்லாம் சொல்வதால் காலை வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு நாள் கடந்துவிட்டது என்று கைவிடவும் வேண்டியதில்லை.

விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். வெளிவந்த முட்டையோ ஒரு நாளுக்கு மேல் தாங்காது. அவசரக் கருத்தடை மாத்திரை முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது, அதற்குள் விந்தணுக்கள் செத்துப்போகின்றன. முட்டை முன்பே வெளிவந்திருந்தால் மாத்திரையை நம்ப முடியாது. அவசரம் என்று சொல்வது இதனால்தான்: உங்கள் முட்டை நாளை வருமா, நாலு நாள் கழித்து வருமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இது கருக்கலைப்பு மாத்திரை அல்ல. அதற்கு மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்ற வேறு மருந்துகள். கரு தங்கிய பிறகு அவசரக் கருத்தடை மாத்திரை போட்டால் அந்தக் கரு கலையாது, அதற்குக் கெடுதலும் வராது. இந்த வித்தியாசம் பேச்சிலும் முக்கியம். பதற்றத்தில் 'கலைக்கிற மாத்திரை வேணும்' என்று சொல்லிவிட்டால், உங்களை வேறு பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதற்குள் மணிநேரங்கள் கரைந்துவிடும்.

எதைக் கேட்பது?

பெட்டியின் மேல் உள்ள வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். ஊரில் பழகிய பெயரைச் சொன்னால் கடைக்காரர் விழிப்பார். மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் கைபேசியில் எழுதிக் காட்டுங்கள்.

லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை, 72 மணி நேரத்துக்குள். சில பெட்டிகளில் 0.75 மில்லிகிராமாக இரண்டு மாத்திரைகள் இருக்கும். இரண்டையும் சேர்த்து ஒரே நேரத்தில் விழுங்கலாம். இரண்டாவது யுலிப்ரிஸ்டல் அசிடேட் 30 மில்லிகிராம், ஒரே மாத்திரை, 120 மணி நேரம் வரை. முட்டை வெளிவரும் நாள் நெருங்கிவிட்டால் லெவோநார்ஜெஸ்ட்ரல் கைவிட்டுவிடும். யுலிப்ரிஸ்டல் அந்தக் கட்டத்திலும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

மூன்றாவது வழியைப் பலரும் கேட்பதே இல்லை, ஆனால் மூன்றிலும் வலுவானது அதுதான்: காப்பர் டி, அதாவது கருப்பைக்குள் பொருத்தும் சிறு செம்புச் சாதனம். உறவுக்குப் பின் 5 நாளுக்குள் பொருத்தினால் 99 விழுக்காட்டுக்கு மேல் காக்கும். உடல் எடையோ மற்ற மருந்துகளோ அதன் வேலையைக் குறைக்காது. பிறகு எடுக்காமல் விட்டால் பல வருடங்களுக்கு அதுவே கருத்தடை. பயிற்சி பெற்றவர்தான் பொருத்த வேண்டும் என்பதால் அதே நாளில் இடம் கிடைப்பது கடினம். போன் செய்யும்போதே 'அவசரக் கருத்தடைக்காக' என்று சொல்லுங்கள். சாதாரண வரிசையில் போட்டால் மூன்று வாரம் கழித்துத் தேதி தருவார்கள். தேதி கிடைத்தாலும் அன்றைக்கே ஒரு மாத்திரையும் போட்டுவைப்பது நல்லது. போன இடத்தில் பொருத்த முடியாமல் போகலாம்.

கவுன்டரில்

சில நாடுகளில் அலமாரியில் இருந்தே எடுத்துக்கொள்ளலாம். சில இடங்களில் மருந்தாளுநரிடம் கேட்க வேண்டும், சில இடங்களில் மருத்துவர் சீட்டு வேண்டும். ஒரே நாட்டில் லெவோநார்ஜெஸ்ட்ரல் சீட்டில்லாமலும் யுலிப்ரிஸ்டல் சீட்டோடும் கிடைப்பதுண்டு. நள்ளிரவிலும் விடுமுறை நாளிலும் எந்த மருந்தகம் திறந்திருக்கும் என்று வந்த முதல் வாரமே பார்த்துவையுங்கள்.

மருந்தாளுநர் கேட்பது இவ்வளவுதான்: உறவு எப்போது, கடைசி மாதவிடாய் எப்போது, வேறு என்ன மருந்து, தாய்ப்பால் கொடுக்கிறீர்களா. மாத்திரைக்கு உடல் பரிசோதனை தேவையில்லை. ஆட்கள் முன்னால் பேசக் கூச்சமாக இருந்தால் தனி அறை கேளுங்கள், பல மருந்தகங்களில் இருக்கும். மொழிக்காக மாமியாரையோ பக்கத்து வீட்டு அக்காவையோ அழைத்துப்போகாதீர்கள். தொலைபேசி மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கலாம். கணவரின் காப்பீட்டில் நீங்கள் இருந்தால் பில் விவரம் அவருக்குப் போகக்கூடும். தெரிய வேண்டாம் என்றால் காப்பீட்டைக் காட்டாமல் ரொக்கமாகக் கொடுங்கள். ஒரு மருந்தகம் தர மறுத்தால் வாதாடி நேரத்தை வீணாக்காமல் அடுத்த மருந்தகத்துக்குப் போங்கள்.

எங்கே பிசகுகிறது?

மாத்திரை போட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மருந்து உடலில் சேர்ந்திருக்காது. உடனே இன்னொன்று போட வேண்டும். வெறும் வயிற்றில் குமட்டல் வருபவர்கள் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போடலாம்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்கள், வலிப்புக்கு ஃபெனிட்டோயின், கார்பமாசெபைன் எடுப்பவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். இம்மருந்துகள் கல்லீரலை முடுக்கி ஹார்மோனை வேகமாக அழித்துவிடும். மருந்தை நிறுத்தி 4 வாரம் ஆகும்வரை இந்தப் பாதிப்பு இருக்கும். அவர்களுக்குக் காப்பர் டிதான் முதல் தேர்வு. முடியாவிட்டால் லெவோநார்ஜெஸ்ட்ரல் இரட்டிப்பு அளவில், அதாவது 3 மில்லிகிராம். யுலிப்ரிஸ்டல் அவர்களுக்கு ஏற்றதல்ல. உடல் எடை 70 கிலோவுக்கு மேல் இருந்தாலும் ஒற்றை லெவோநார்ஜெஸ்ட்ரல் பலன் குறையலாம். யுலிப்ரிஸ்டலா இரட்டிப்பு அளவா என்று கேளுங்கள். எடையைச் சொல்ல வெட்கப்பட்டுக் கணக்கு தவறியவர்கள் உண்டு.

யுலிப்ரிஸ்டலுக்கு இன்னொரு குணம். ஹார்மோன் கருத்தடையோடு அது மோதும். கடந்த 7 நாளில் தினசரி மாத்திரை போட்டிருந்தால் யுலிப்ரிஸ்டலின் வேலை குறையும். அதைப் போட்ட பிறகும் 5 நாள் கழித்தே தினசரி மாத்திரையைத் தொடங்க வேண்டும். லெவோநார்ஜெஸ்ட்ரலுக்கு இந்தத் தொல்லை இல்லை, அன்றே தொடங்கலாம். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் சிக்கலில்லாதது. கடும் ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு யுலிப்ரிஸ்டல் வேண்டாம்.

மாத்திரை முட்டையைத் தள்ளிப்போடுவதால், அது போட்ட பிறகு நடக்கும் உறவு இன்னும் ஆபத்தானது: தள்ளிப்போன முட்டை அந்த வாரத்திலேயே வரலாம். அடுத்த மாதவிடாய் வரை ஆணுறை கட்டாயம்.

பால்வினை நோயிலிருந்து இவை எதுவும் காக்காது. விருப்பமில்லாமல் நடந்த உறவென்றால் மருந்தகத்தோடு நிற்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்.

பிறகு

தலைவலி, மார்பகங்களில் வலி, சிறு ரத்தக்கசிவு ஓரிரு நாள் இருக்கலாம். அந்தக் கசிவை மாதவிடாய் என்று எண்ணி நிம்மதியடைய வேண்டாம். மாதவிடாய் சில நாள் முன்னோ பின்னோ வரும். 7 நாளுக்கு மேல் தள்ளினாலோ, வழக்கத்தைவிட மிகக் குறைவாகப் போனாலோ சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். உறவு நடந்து 3 வாரம் ஆன பின் செய்தால் முடிவை நம்பலாம். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி வந்தால் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனை. கரு, கருப்பைக்குப் பதில் கருக்குழாயில் தங்கியிருக்கலாம்.