ஊருக்குள் மனநல உதவி: புதிய முயற்சியைத் தொடங்குவோர் செய்ய வேண்டியவை

கிராமத்தில் மனநல உதவிக்குப் புதிதாக ஏதேனும் செய்யலாம் என்று தொண்டு நிறுவனத்தாரோ மகளிர் குழுவினரோ கூடினால், பேச்சு விரைவிலேயே கைப்பேசிச் செயலியில் போய் நிற்கிறது. அதைத் தள்ளி வைத்துவிட்டு, உங்கள் பகுதியில் சிகிச்சை பெறும் ஒருவர் மருத்துவரிடம் போய்வர எவ்வளவு செலவிடுகிறார் என்று முதலில் கணக்கெழுதுங்கள். பேருந்துக் கட்டணம், துணைக்கு வருபவர் இழக்கும் கூலி, மருத்துவமனையில் காத்திருக்கும் நேரம், மாத்திரை இருப்பில் இல்லாததால் மறுபடி ஒரு பயணம் என்று நீளும் இந்தக் கணக்கில் எது அவரைச் சிகிச்சையை நிறுத்த வைக்கிறதோ, அதைக் குறைப்பதுதான் உங்கள் வேலை.

சென்னையின் மனநலத் தொண்டு நிறுவனமான ஸ்கார்ஃப் 2010-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய, பேருந்திலேயே சிகிச்சை தரும் சேவை இதற்கு நல்ல முன்மாதிரி. சென்னையிலுள்ள மனநல மருத்துவர் பேருந்துக்குள் அமர்ந்திருக்கும் நோயாளியிடம் காணொலி வழியாகப் பேசுகிறார்; அவர் எழுதும் மாத்திரை அங்கேயே வழங்கப்படுகிறது. காணொலியைவிட அந்த மருந்து அலமாரியையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஆலோசனை ஊருக்கு வந்தும் மாத்திரைக்கு நகரத்துக்குப் போக வேண்டுமென்றால், செலவு குறைவதே இல்லை.

மனச்சோர்வோடு வரும் எல்லோருக்கும் மருத்துவர் தேவைப்படுவதில்லை. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-இல் 14 மூதாட்டிகளைக் கொண்டு 'நட்பு இருக்கை' என்ற திட்டத்தைத் தொடங்கினார். சுகாதார நிலைய வளாகத்தில் போடப்பட்ட மர இருக்கையில், பயிற்சி பெற்ற மூதாட்டி வந்தவரின் தொல்லைகளையெல்லாம் கேட்கிறார். கடன், கணவரின் குடி, தூக்கமின்மை என்று பல இருந்தாலும் ஒன்றை மட்டும் அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, அடுத்த சந்திப்புக்குள் செய்யக்கூடிய ஒரு சிறு காரியத்தை இருவரும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். 2016-இல் வெளியான ஆய்வில், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட இவ்வுதவி பெற்றவர்களுக்கு ஆறு மாதங்களுக்குப் பின் அறிகுறிகள் குறைவாக இருந்தன.

உங்கள் ஊரிலும் பிறர் தாமாகவே போய் மனம்விட்டுப் பேசும் பெண்களைத் தேடுங்கள். கேட்டதை வெளியே சொல்லாதவர் என்ற பெயர் அவர்களுக்கு இருக்க வேண்டும், படிப்பு அடுத்தபடிதான். மனநலம் என்று பலகை வைக்காமல், ரத்த அழுத்தம் பார்க்கும் இடத்துக்கு அருகில் அமர்த்தினால், வருபவர் எதற்காக வந்தார் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. தற்கொலை எண்ணமோ, காதில் குரல் கேட்பதோ தெரியவந்தால் அன்றே யாரிடம் அனுப்புவது என்பதை, தொடங்குவதற்கு முன்பே மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் எண் 14416-ஐயும் எழுதிக் கொடுங்கள். ஆனால் கைப்பேசி கணவரிடமோ மகனிடமோ இருக்கும் வீடுகளில் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

மாதம் ஒருமுறை பதிவேட்டைப் புரட்டி, எந்தத் தெருவிலிருந்து ஒருவர்கூட வரவில்லை என்று பாருங்கள். ஊர்த்தெருச் சாவடியில் உட்கார்ந்துகொண்டு காலனியிலிருந்து யாரும் வரவில்லையே என்று வியப்பதில் பயனில்லை; அடுத்த மாதமே இடத்தை மாற்றுங்கள்.