"அவனுவ பூராவும் இப்படித்தான்" என்று ஒருவர் சொன்னால் எப்படிப் பேசுவது?

பாளையங்கோட்டையில் ஒரு டீக்கடை. டிவியில் இலங்கை அணி ஆடிக்கொண்டிருந்தது. விக்கெட் எடுத்துத் துள்ளிய ஒரு பையனைப் பார்த்து, பக்கத்தில் நின்ற அண்ணாச்சி சொன்னார்: "சிங்களவனுவ பூராவும் இப்படித்தாம்வே, ஒருத்தனையும் நம்பக் கூடாது." அந்தப் பையனுக்கு மிஞ்சிப் போனால் இருபத்திரண்டு வயது இருக்கும். இலங்கையில் தமிழருக்கு எதிரான கலவரம் நடந்த 1983இல் அவனுடைய அப்பாவே அரைக்கால் சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போயிருப்பார்.

இந்த மாதிரிப் பேச்சு வரும்போது என்ன செய்வது என்று பலமுறை தடுமாறி, கடைசியில் எனக்குக் கைகொடுத்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், அவருடைய கோபத்தை மறுக்காதீர்கள். "அதெல்லாம் பழைய கதை அண்ணாச்சி", "எல்லாரும் மனுசங்கதானே" என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. 2009இல் முள்ளிவாய்க்காலில் நடந்ததைப் பார்த்துச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தவரிடம் போய் மனிதநேயம் பேசினால், செத்தவர்களை மறக்கச் சொல்கிறீர்கள் என்றுதான் அவருக்குப் படும். நடந்தது கொடுமை என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள், மனதாரச் சொல்லுங்கள்.

அப்புறம் கேளுங்கள்: "செஞ்சது யாரு?" மொத்த வேலையும் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. "சிங்களவன் கொன்னான்" என்பதில் எழுவாய் ஒரு இனம். அதைப் பிரித்துப் பாருங்கள். 1983 ஜூலையில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிப் போன கும்பல், வேடிக்கை பார்த்த காவல்துறை, தடுக்காமல் இருந்த ஜெயவர்த்தனே அரசு என்று ஆள் ஆளாகப் பெயர் வரும். அதே கொழும்பில் பக்கத்து வீட்டுத் தமிழர்களைத் தன் வீட்டுக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றிய சிங்களவர்களும் அப்போது கண்ணில் படுவார்கள். இனத்தின் மேல் பழி போட்டால் செய்தவனுக்குத்தான் லாபம், கூட்டத்துக்குள் நழுவிப் போய்விடுவான். நீதி வேண்டும் என்றால் கைகாட்ட ஓர் ஆள் வேண்டும்.

இங்கே நம் ஊர்க்காரர்களிடம் நான் தவறாமல் சொல்லும் ஒரு விஷயம் உண்டு. அந்தக் கலவரத்துக்கு முந்தின நாள், 1983 ஜூலை 23, யாழ்ப்பாணத்தில் புலிகள் நடத்திய தாக்குதலில் 13 சிப்பாய்கள் செத்தார்கள். அது நடந்த இடத்தின் பெயர் திருநெல்வேலி. அதற்கும் கொழும்பில் கடை வைத்திருந்த தமிழருக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. "தமிழனுவ பூராவும் இப்படித்தான்" என்று அங்கே ஒரு கூட்டம் சொன்னது, வீடுகள் எரிந்தன. டீக்கடையில் அண்ணாச்சி சொன்னதும் அதே வாக்கியம்தான், இனத்தின் பெயர் மட்டும் வேறு.

நாட்டுப்பற்று குறைந்துவிடும் என்று பயப்படுகிறவர்களிடம் வ.உ.சி.யைப் பற்றிப் பேசுங்கள். வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கப்பல் விட்ட மனிதர். 1908இல் அவர் கைதானதும் திருநெல்வேலியே கொந்தளித்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, பின்ஹே என்ற வெள்ளைக்கார நீதிபதி அவருக்கு இரண்டு ஆயுள் தண்டனை கொடுத்தார். வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி இல்லை, வக்கீலாகத் தொழில் செய்வதற்கான சன்னதும் போயிருந்தது. பின்னாளில் அந்தச் சன்னதைத் திரும்ப வாங்கிக் கொடுத்தவர் வாலஸ் என்ற இன்னொரு வெள்ளைக்கார நீதிபதி. அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. பின்ஹே ஒருவர், வாலஸ் இன்னொருவர் என்று பிரித்துப் பார்க்க, செக்கிழுத்த அவருக்கே முடிந்திருக்கிறது. அதனால் ஆங்கில ஆட்சி நல்லது என்று அவர் சொல்லவும் இல்லை.

வாயில் தானாக வரும் வார்த்தைகளையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். துரோகி என்றால் நமக்கு எட்டப்பன். அது எட்டயபுரம் பாளையக்காரர்களின் பரம்பரைப் பெயர். கட்டபொம்மனுக்கு எதிராக ஆங்கிலேயக் கம்பெனிப் படையோடு அவர்கள் நின்றது உண்மைதான். ஆனால் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான் தரப்பு, அந்தப் பெயர் வசவாகவில்லை. பாரதி பிறந்த அதே எட்டயபுரத்துக்காரர் ஒருவர், "எந்த ஊரு?" என்று கேட்டதற்குப் பதில் சொன்னதும் எதிரில் இருந்தவர் சிரித்ததை நானே பார்த்திருக்கிறேன். 1799இல் நடந்ததற்கு அந்த மனிதர் இன்னும் தலைகுனிய வேண்டியிருக்கிறது.

சிங்களவன், வெள்ளைக்காரன் எல்லாம் தூரத்து ஆட்கள், கஷ்டம் உள்ளூரில்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டியது கூடப் படித்த பையன்கள். அதற்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிக்கூடத்தில் சாதிக் கயிறு கட்டக் கூடாது என்று சொன்னது. அந்த மாதிரி நாட்களில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "அந்தத் தெருக்காரனுவ" என்று தொடங்கும் செய்தி வந்தால் குழுவிலேயே மல்லுக்கட்டாதீர்கள். பத்துப் பேர் முன்னால் எந்தச் சித்தப்பாவும் இறங்கி வர மாட்டார். தனியாகப் போன் போடுங்கள். "சித்தப்பா, வெட்டினவன் பேரைச் சொல்லுங்க, எத்தனை வருசம் வேணும்னாலும் உள்ள போகட்டும், ஆனா அந்தத் தெருவுல இருந்து நம்ம பிள்ளையோட பஸ்ல போற பிள்ளைக்கு இதுல என்ன பங்கு?" என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் மறுநாள் காலை அந்தச் செய்தி அழிக்கப்பட்டிருந்தது. ஒரு வார்த்தை விளக்கம் இல்லை, நானும் கேட்கவில்லை. பேச்சு "அடிக்கணும்" என்ற இடத்துக்குப் போய்விட்டால் மட்டும் தனிப்பேச்சு போதாது. குழுவிலேயே, எல்லோரும் பார்க்க, வேண்டாம் என்று எழுதிவிடுங்கள்.

டீக்கடை அண்ணாச்சியிடமும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியைப் பற்றிச் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தவர், "அங்கயும் ஒரு திருநவேலி இருக்கா?" என்றார். பிறகு வெகுநேரம் டிவி பக்கம் திரும்பவில்லை. அந்த ஊரில் இப்போது ஆட்கள் எப்படி இருக்கிறார்கள், நெல் விளையுமா, என்ன தொழில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்.