தியானத்தில கால் விறைக்கிறதுக்கு நான் கண்ட வழி

வெள்ளவத்தையில எங்கட தொடர்மாடி ஹோல்ல ஞாயிறு காலமை தியானத்துக்கு இருக்கிறம், சைவக்காரர், கிறிஸ்தவ ஆக்கள், முஸ்லிம் ஆக்கள், பௌத்த ஆக்கள் எல்லாரும் வருவினம், மந்திரம் ஒண்டும் சொல்றேல்ல, ஆரும் சங்கடப்படக் கூடாது எண்டுதான். எனக்குப் பிரச்சினை கால்தான். சம்மணம் கட்டி இருந்தா கொஞ்ச நேரத்தில முழங்காலுக்குக் கீழ விறைச்சிடும், பிறகு எங்க தியானம், மனம் முழுக்க கால்லதான் நிக்கும்.

கந்துபொட தியான நிலையத்துக்குப் போய் வந்த ஒரு அக்கா சொன்னா, பர்மாவின்ர மகாசி சயாடோ எண்ட பிக்கு சொல்லிக் குடுத்த தியான முறையில இருக்கிறதும் நடக்கிறதும் மாறி மாறி வரும் எண்டு. இப்ப கதிரையில முதுகு சாயாம, உள்ளங்கால் நிலத்தில முழுசாப் பதிய இருந்து வயிறு எழும்பித் தாழுறதைப் பாக்கிறன், பிறகு கொரிடோர்ல வெறுங்காலோட மெதுவா நடை, தூக்கிறன், நகர்த்திறன், வைக்கிறன் எண்டு மனசுக்குள்ள சொல்லிச் சொல்லி, குளிர்ந்த டைல்ஸ் முதல்ல குதிக்கால்ல படும், பிறகுதான் விரலுக்கு வரும், அது வடிவாத் தெரியும். விறைப்பு நிண்டிட்டுது. முழங்கால் வருத்தத்தால வராம விட்ட ஒரு அன்ரியும் திரும்ப வாறா, அதுதான் எனக்குப் பெரிய சந்தோசம். கதிரை எண்டா தியானம் இல்ல எண்டு ஆரும் சொன்னா கேக்காதேங்கோ.