மாடல் விமானத்தின் பெட்ரோல் என்ஜினுக்கு சிடிஐ இக்னிஷன்: டைமிங் தவறாமல் மாட்டுவது எப்படி

மேக்னெட்டோ (ஃப்ளைவீல் காந்தம் சுழல்வதால் பொறிக்கு மின்சாரம் தரும் அமைப்பு) வைத்த 26 சிசி என்ஜின் ஒன்று என்னிடம் இருந்தது. ப்ரொப்பெல்லரைக் கையால் தட்டித் தட்டித் தோள் வலித்ததுதான் மிச்சம். ஃப்ளைவீல் வேகமாகச் சுற்றினால்தான் மேக்னெட்டோ நல்ல பொறி தரும். கை வீச்சுக்கு அந்த வேகம் வராது. சிடிஐக்கு (கெப்பாசிட்டரில் சேர்த்த மின்சாரத்தால் பொறி விடும் மின்னணு இக்னிஷன்) மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதால் மெதுவாகச் சுற்றினாலும் முழுப் பொறி கிடைக்கும். கனமான ஃப்ளைவீலும் போய்விடும், ஐடிலும் (மிகக் குறைந்த வேக ஓட்டமும்) நிதானமாக நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும் மேக்னெட்டோவைக் கழற்றத்தான் வேண்டுமா என்றால், எடை ஒரு பொருட்டில்லாத பெரிய மாடலில் அப்படியே விட்டுவிடலாம். மற்ற எதற்கும் என் தேர்வு சிடிஐதான்.

வாங்கும்போது முதலில் ஸ்பார்க் ப்ளக்கின் மரையைப் பாருங்கள். மாடலுக்கென்றே செய்த என்ஜின்கள் பலவற்றில் என்ஜிகே சிஎம்-6 வகை 10 மிமீ ப்ளக் இருக்கும். புல்வெட்டியிலிருந்து மாற்றிய என்ஜின்களில் பெரும்பாலும் 14 மிமீ. இரண்டுக்கும் ப்ளக் மேல் மாட்டும் மூடி வேறு வேறு. அடுத்தது மாடியூல் (சிடிஐயின் மின்னணுப் பெட்டி) தாங்கும் வோல்ட். 8.4 வோல்ட் வரை தாங்கினால் இரண்டு செல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியை நேரடியாகக் கொடுங்கள். எனக்குப் பிடித்தது அதுதான்: முழுச் சார்ஜில் 7.2 வோல்ட், ரெகுலேட்டரே தேவையில்லை. 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காத பழைய மாடியூலுக்கு நான்கு செல் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு போதும். ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும் இக்னிஷனுக்கும் ஒரே பேட்டரி வேண்டாம்.

மாடியூல், சென்சார் (ப்ரொப்பெல்லர் ஹப்பில் உள்ள காந்தம் கடப்பதை உணர்ந்து மாடியூலுக்குச் சொல்வது), ஸ்விட்ச் எல்லாவற்றையும் இணைப்பது எளிது. சாக்கெட்டுகள் தாமே வழி சொல்லும். என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது டைமிங், அதாவது பொறி விழும் நேரம்.

7,000 ஆர்பிஎம்மில் 28 டிகிரி சுற்ற ஒரு நொடியில் 1,500ல் ஒரு பங்கு நேரம்தான் ஆகும். எரிபொருள் எரிந்து அழுத்தம் ஏற அந்த நேரம் தேவைப்படுவதால், பிஸ்டன் உச்சிக்கு வருமுன்னரே பொறி விழ வேண்டும். பல மாடியூல்களின் கையேட்டில் 28 டிகிரி முன்னதாக வைக்கச் சொல்லியிருக்கும். உங்கள் கையேடு என்ன சொல்கிறதோ அதுவே சரி. ஸ்டார்ட் செய்யும் குறைந்த வேகத்தில் மாடியூல் தானே பொறியைத் தாமதப்படுத்தும். அந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டியதில்லை.

ப்ளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில், பிஸ்டனை உச்சிக்கு வருமுன்னரே தடுக்கும் முனை மழுங்கிய பிஸ்டன் ஸ்டாப்பை மாட்டுங்கள். கிராங்க்கேஸில் ஒரு கம்பி முள்ளை அசையாமல் பொருத்துங்கள். ஹப்பை ஒரு பக்கம் மெல்லத் திருப்பி, பிஸ்டன் தட்டி நிற்கும்போது முள்ளுக்கு நேராக ஹப்பில் ஒரு கோடு. எதிர்ப்பக்கம் திருப்பி, தட்டும்போது இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையிலுள்ள சிறிய வில்லின் நடுவே உச்சிக்கோடு. கண்மதிப்பில் உச்சியைப் பிடிக்க முடியாது: அங்கே ஹப் சில டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் அசைவது தெரியாது.

உச்சிக்கோட்டிலிருந்து 28 டிகிரியை எந்தப் பக்கம் அளப்பது? நான் தவறியது இங்கேதான். என்ஜின் ஓடும் திசையில் அளக்க வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் பெரும்பாலான என்ஜின்கள் கடிகார முள்ளுக்கு எதிராக ஓடும். அந்தத் திசையில் முன்னால் இருக்கும் கோடுதான் முள்ளை முதலில் கடக்கும். நான் மறுபக்கம் அளந்ததால் உச்சி கடந்தபின் பொறி விழுந்தது. என்ஜின் இருமி இருமி நின்றது, சைலன்சர் கொதித்தது. மாடியூல் கெட்டுவிட்டது என்று நம்பி இன்னொன்று வாங்கினேன். 30 மிமீ விட்டமுள்ள ஹப்பில் 28 டிகிரி என்பது 7.3 மிமீ. காகிதப் பட்டையைச் சுற்றி அளந்தால் தவறாது.

பிஸ்டன் ஸ்டாப்பை எடுத்துவிட்டு, ப்ளக்கை மூடிக்குள் செருகி, மூடியின் பின்னல் கவசம் ப்ளக் உடலை இறுகப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். ப்ளக் இல்லாமல், கிரவுண்ட் இல்லாமல் பொறி விட்டால் மாடியூல் எரிந்துபோகலாம். ப்ளக்கை சிலிண்டர் ஓட்டையிலிருந்து தள்ளியே வையுங்கள்; உள்ளேயிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். ப்ரொப்பெல்லரையும் கழற்றிவிடுங்கள்.

இனி ஹப்பை ஓடும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். 28 டிகிரி கோடு முள்ளைத் தொடும் நொடியில் 'டிக்' என்று பொறி விழும்வரை சென்சாரை நகர்த்தி இறுக்குங்கள். காந்தமும் சென்சாரும் பார்வைக்கு நேராக இருக்கின்றனவா என்று பார்க்காதீர்கள், பொறி விழும் இடத்தை நம்புங்கள். பெரும்பாலான மாடியூல்களில் காந்தம் சென்சாரை விட்டு விலகும்போதுதான் பொறி வரும்.

கடைசியாக மாடியூலை ரிசீவரிலிருந்து குறைந்தது 30 செமீ தள்ளி, அதிர்வு தாங்கும் ஸ்பாஞ்சில் கட்டுங்கள். டிரான்ஸ்மிட்டரிலிருந்தே என்ஜினை அணைக்கும் ஆப்டிகல் கில் ஸ்விட்ச் இல்லாமல் நான் பறப்பதில்லை. அதன் ஃபெயில்சேஃப் (சிக்னல் போனால் தானாக எடுக்கும் நிலை) 'அணை' என்றே இருக்கட்டும். டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பின்னர் சேர்த்தது: பொறியே வரவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இருவரும் புது ஹப்பில் காந்தத்தைத் தலைகீழாக ஒட்டியிருந்தார்கள். இந்தச் சென்சார் (ஹால் சென்சார்) காந்தத்தின் ஒரு துருவத்துக்குத்தான் வேலை செய்யும். பசை போடுமுன் காந்தத்தைக் கையில் பிடித்து சென்சார் முன் ஆட்டிப் பாருங்கள். பொறி வரும் முகத்தில் பேனாவால் புள்ளி வைத்துவிட்டு ஒட்டுங்கள்.