ஜூனியர் கல்லூரியிலிருந்து நான்காண்டுக் கல்லூரி அணிக்கு: எங்களைத் தடுக்கிவிட்ட அந்த ஒரு தாள்

என் மகன் பள்ளியை முடித்தபோது ஆறடி மூன்றங்குலம். கூடைப்பந்தில் நல்ல ஷாட், ஒல்லியான உடம்பு, டிவிஷன் 1இல், அதாவது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மேல்மட்டப் பிரிவில், எந்தப் பயிற்சியாளரிடமிருந்தும் அழைப்பில்லை. இரண்டாண்டு ஜூனியர் கல்லூரியில் ஆடி, அங்கிருந்து நான்காண்டுக் கல்லூரிக்கு மாறலாம் என்று முடிவெடுத்தோம். நாங்கள் இருக்கும் டெக்சாஸில் இதை ‘ஜூக்கோ’ என்பார்கள். இது மட்டமான வழி என்று உறவினர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் பின்னாளில் என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) நட்சத்திரமான ஜிம்மி பட்லர் டைலர் ஜூனியர் கல்லூரியில் ஓராண்டு ஆடிவிட்டுத்தான் மார்க்வெட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஒடெசா கல்லூரியில் தொடங்கிய லாரி ஜான்சன் 1991இல் என்பிஏ அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது (டிராஃப்ட்) முதல் ஆள்.

கிரெடிட், செமஸ்டர், ஜிபிஏ எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: பள்ளியில் இருக்கும்போதே பதிவு

ஜூக்கோவுக்குத்தானே போகிறோம், என்சிஏஏவின் (நான்காண்டுக் கல்லூரிகளின் விளையாட்டுச் சங்கம்) தகுதி மையத்தில் இப்போதே ஏன் பதிய வேண்டும் என்று நானும் அசட்டையாகத்தான் இருந்தேன். பள்ளி ஆலோசகர் விடவில்லை. அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். பள்ளியில் என்சிஏஏ கேட்கும் 16 மையப் பாடங்களை 2.3 சராசரியோடு முடித்து ‘குவாலிஃபயர்’ ஆனவர் ஓராண்டிலேயே ஜூக்கோவிலிருந்து டிவிஷன் 1க்கு மாற முடியும். ஆகாதவர் குறைந்தது மூன்று செமஸ்டர் படித்து, இரண்டாண்டுப் பட்டத்தையும் வாங்கியாக வேண்டும். ஓராண்டில் மாறினால் கையில் மூன்று ஆட்ட ஆண்டுகள் மிஞ்சும். பயிற்சியாளர்கள் முதலில் கேட்பதே அந்த எண்ணைத்தான்.

படி 2: கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது

ஜூக்கோக்களின் விளையாட்டுச் சங்கமான என்ஜேசிஏஏ அமைப்பில் மூன்று பிரிவுகள். முதல் பிரிவில் கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாவற்றுக்கும் உதவித்தொகை தரலாம். இரண்டாம் பிரிவில் கட்டணமும் புத்தகமும் மட்டும். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று எதுவும் கிடையாது. கலிஃபோர்னியா தனிச் சங்கம் வைத்திருக்கிறது. அங்கும் விளையாட்டு உதவித்தொகை இல்லை.

கோப்பைகளைப் பார்த்து மயங்காதீர்கள். கடந்த மூன்று ஆண்டுகளின் அணிப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வீரரும் அதன் பிறகு எங்கே போனார் என்று தேடி ஒரு கூகுள் ஷீட்டில் எழுதுங்கள். அரை நாள் வேலை. பாதிப் பேர் எங்கே போனார்கள் என்றே தெரியாவிட்டால் அந்தக் கல்லூரியை விட்டுவிடுங்கள். ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கிக்கொண்டு ‘உங்கள் பிள்ளையை முன்னிறுத்துகிறோம்’ என்று வரும் சேவைகளைவிட இந்த ஷீட் மேல் என்பது என் கட்சி.

அங்கீகாரத்தையும் பாருங்கள். பின்னாளில் என்பிஏவில் ஆடிய ஜே கிரவுடர் முதலாம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் ஆடினார். அங்கே படித்த பாடங்களை டிவிஷன் 1 கல்லூரிகள் ஏற்காது என்பது பிறகுதான் தெரியவந்தது. டெக்சாஸின் ஹாவர்ட் கல்லூரிக்கு மாறி, 2010இல் தேசியப் பட்டத்தையும் வென்ற பிறகே மார்க்வெட்டுக்குப் போனார். அவருக்கே இந்த நிலை.

படி 3: டிரான்ஸ்கிரிப்ட்

டிரான்ஸ்கிரிப்ட் என்பது கல்லூரி தரும் மதிப்பெண் பட்டியல். நாங்கள் விழுந்த பள்ளம் இதுதான். முதலாம் ஆண்டு முடியும் தறுவாயில் ஒரு துணைப் பயிற்சியாளர் அழைத்தார். ஆட்டம் பிடித்திருக்கிறது, டிரான்ஸ்கிரிப்டை அனுப்புங்கள் என்றார். 30 கிரெடிட், சராசரி 2.60. குவாலிஃபயர் மாறுவதற்கு வேண்டியது 2.5. நான் அன்றிரவே பாயசம் வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி அழைப்பு. ‘எங்கள் கணக்கில் 2.38 வருகிறது.’

எப்படி? அவன் படித்த எட்டு முக்கியப் பாடங்களும் தலா மூன்று கிரெடிட். இரண்டில் பி, ஆறில் சி. ஆக 24 கிரெடிட்டுக்கு 54 புள்ளி. மீதி ஆறு கிரெடிட் கூடைப்பந்துப் பயிற்சி, எடை தூக்குதல் போன்ற ஒரு கிரெடிட் வகுப்புகள். எல்லாவற்றிலும் ஏ, 24 புள்ளி. மொத்தம் 78ஐ 30ஆல் வகுத்தால் 2.60. ஆனால் மாறிவரும் கூடைப்பந்து வீரருக்கு இத்தகைய உடற்பயிற்சி கிரெடிட்டுகளில் இரண்டை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள். 62ஐ 26ஆல் வகுத்துப் பாருங்கள். (உடற்கல்வியையே முதன்மைப் பாடமாக எடுப்பவருக்கு விதி வேறு.)

அந்தக் கோடையில் இரண்டு பாடம் படித்தான், ஒன்றில் ஏ, ஒன்றில் பி. 83ஐ 32ஆல் வகுத்தால் 2.59. அதற்குள் அந்த இடத்தை வேறொரு நான்காண்டுக் கல்லூரியிலிருந்து மாறிய வீரருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஆகவே ஒவ்வொரு செமஸ்டரும் பதிவு செய்யும் நாளிலேயே இரண்டு சராசரிகளை எழுதுங்கள்: கல்லூரி காட்டுவது ஒன்று, உடற்பயிற்சி வகுப்புகளில் இரண்டு கிரெடிட்டுக்கு மேற்பட்டதைக் கழித்தது ஒன்று. டெக்சாஸில் பாட எண்ணே உதவும். ஆங்கிலம் 1301 என்றால் முதல் இலக்கம் பாடத்தின் நிலை, இரண்டாம் இலக்கம் கிரெடிட். கல்லூரிப் படிப்புக்கு முந்தைய நிலையிலுள்ள கணித வகுப்புகளும் மாற்றத்தில் சேராது.

இரண்டாண்டு இருந்து மாறுபவருக்கு இன்னொரு கண்ணி உண்டு. மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது தேர்ந்தெடுத்த பட்டத்தில் 40 சதவீதம் முடிந்திருக்க வேண்டும். 120 கிரெடிட் பட்டம் என்றால் 48. கையில் 60 இருந்தாலும் அந்தப் பட்டத்துக்குப் பொருந்துபவை 48 வராவிட்டால் பயனில்லை. எந்தத் துறை என்பதை முதலாம் ஆண்டிலேயே முடிவு செய்யச் சொல்வது இதற்காகத்தான். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் அந்தந்த ஆண்டின் என்சிஏஏ கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

படி 4: வீடியோ

ஆட்ட வீடியோக்களை ஏற்றிப் பகிரும் ஹட்ல் தளம் போதும். மூன்று நிமிடத் தொகுப்பு ஒன்று, வெட்டாத முழு ஆட்டம் இரண்டு. இசை வேண்டாம். தோற்ற ஆட்டம் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். தடுப்பாட்டத்தில் பையன் களைத்த பிறகும் ஓடுகிறானா என்று அதில்தான் பார்க்கிறார்கள்.

மார்ச்சில் கான்சாஸ் மாநிலத்தின் ஹட்சின்சனில் என்ஜேசிஏஏ முதல் பிரிவின் தேசியப் போட்டி நடக்கும். 1949 முதல் அந்த ஊரில்தான். உங்கள் அணி அங்கே போனால் நல்லது. போகாவிட்டால் மின்னஞ்சல்தான் வழி. டிரான்ஸ்கிரிப்டை முதல் மின்னஞ்சலிலேயே இணைத்துவிடுங்கள்.

டிவிஷன் 1 என்ற பெயருக்காகக் காத்திருக்காதீர்கள். பின்னாளில் என்பிஏ நட்சத்திரமான பென் வாலஸ் கயஹோகா சமுதாயக் கல்லூரியிலிருந்து டிவிஷன் 2இல் இருந்த வர்ஜீனியா யூனியனுக்குப் போனவர்தான். என் மகனும் இப்போது டிவிஷன் 2இல் ஆடுகிறான், ஒவ்வொரு ஆட்டத்திலும் களம் இறங்குகிறான்.

பின்சேர்க்கை 1: ஜூக்கோவில் ஆடிய ஆண்டுகள் என்சிஏஏவின் ஆட்ட ஆண்டுக் கணக்கில் வராது என்று தீர்ப்பாகிவிட்டதா என்று பலர் கேட்டிருந்தீர்கள். அமெரிக்கக் கால்பந்து வீரர் டியேகோ பாவியாவுக்கு, அப்படிக் கணக்கிடும் என்சிஏஏ விதிக்கு எதிராக 2024 டிசம்பரில் நீதிமன்றத் தடை ஆணை கிடைத்தது. அதையடுத்து என்சிஏஏ, அவரைப் போன்ற நிலையில் இருந்தவர்களுக்கு 2025-26க்கு மட்டும் விலக்கு அளித்தது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். எந்தக் கல்லூரியிலும் முழுநேரமாகச் சேர்ந்த நாளிலிருந்து ஆடுவதற்கான ஐந்தாண்டுக் கடிகாரம் ஓடுகிறது என்று வைத்தே கணக்கிடுங்கள்.

பின்சேர்க்கை 2: இந்தியாவிலிருந்து இந்த வழியில் வர என்ன கவனிக்க வேண்டும் என்று சென்னையிலிருந்து ஒரு தந்தை கேட்டு எழுதியிருந்தார். தகுதி மையத்துக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் பட்டியல்கள் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் போதாது. எஃப்-1 மாணவர் விசாவில் வருபவர் முழுநேர மாணவராகக் கணக்கிடப்பட ஒரு செமஸ்டரில் ஒரே ஒரு இணையவழிப் பாடம்தான் செல்லும். பயணத்துக்கு வசதி என்று கோச் மூன்று இணையவழிப் பாடங்களில் பெயர் எழுதச் சொன்னால், கையெழுத்திடும் முன் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.